ஒழுகரைக் கோவிலும் கனகராய முதலியாரும்

நமது சங்கத்துச் சஞ்சிகையில் நம் குலத்துப் பெரியோர் சரித்திரங்களை அவ்வப்போது எழுதி வருதல் அன்பர்கள் அறிந்ததே. அவற்றுட் பெரும்பாலன புகழ்மாலைகளாகவே முடிதலும் அன்பர்கள் அறிந்ததே. முன்னோர் புகழைப் பேசுதல் தவறன்று. ஆயினும், அவர்தம் வாழ்விற் கண்ட குறையையும் உடன் கூறாவிடின், அச்சரித்திரம் கூடத்துச் சுவரில் மாட்டிய படம்போலப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுமேயன்றி, நம் மக்கள் நடந்துகொள்ளும் வகைக்குப் பயன்படாது. ஆகலின், இத்திங்கள் யாம் எடுத்துக்கொண்ட பெரியாராகிய கனகராய முதலியாரின் வாழ்வை நிறையும் குறையும் ஒருங்கு தோன்ற எழுதத் துணிந்தோம். நம் சங்கத்தில் திருநீறு அணியும் குடும்பங்களும் உள்ளன. செபமாலை ஏந்தும் குடும்பங்களும் உள்ளன. இருதிறத்தாரும் இதனைப் பொறுமையுடன் வாசித்து முடித்தபின் எம்மைப் புகழ்தலோ இகழ்தலோ செய்க.

இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டியது ஒரு சிறுவனுடைய வினா. புதுவை நகரின் மேற்கே ரெட்டியார்பாளையத்தில், பழைய ஒழுகரை எல்லையில், புனித பெலவேந்திரர் கோவில் இருக்கின்றது. அந்திரேயா என்னும் அப்போஸ்தலரையே தமிழ்க் கத்தோலிக்கர் பெலவேந்திரர் என்று வழங்குவர். அக்கோவிற்கு ஒரு நாள் எம் மாணாக்கர் சிலரை அழைத்துச் சென்று, அது 1745-ஆம் ஆண்டிற் கனகராய முதலியாராற் கட்டப்பெற்றது என்று கூறினோம். அவருள் ஒருவன், கோவில் ஒன்று நன்றாக நடக்கின்றது என்பதை எதனாற் கண்டுகொள்வது என்று எம்மைக் கேட்டான். கட்டடத்தின் உயரத்தாலா, கூடும் கூட்டத்தாலா, கட்டினவருடைய செல்வாக்காலா என்று அவனே அடுக்கிக்கொண்டு போனான். தமிழாசிரியராகிய எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் அக்காலத்துச் செய்திகளைப் படித்து, பல நாள் எண்ணிப் பார்த்து, அக்கோவிலைக் கட்டினவர் வாழ்விலேயே அவ்வினாவிற்கு விடை உண்டு என்று தெளிந்தோம்.

குடியும் பதவியும்

பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிற் கால்கொண்டது 1674-ஆம் ஆண்டில். இடையே 1693-இல் ஒல்லாந்தர் அவ்வூரைக் கைப்பற்றினர். 1699-இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பிரான்சுவா மர்த்தேன் என்னும் அதிகாரி அதனைச் செழிப்பான பட்டினமாக வளர்த்தார். அந்நாளில் அப்பட்டினத்தின் செல்வமெல்லாம் துணியில் இருந்தது. சுற்றுப்புறத்து நெசவாளர் நெய்த துணிகளைக் கும்பினியார் வாங்கிக் கப்பலேற்றினர். நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்தல், நயம் பார்த்தல், விலை பேசுதல், கப்பல் புறப்படும் பருவத்திற்குள் சரக்கைக் கிடங்கிற் சேர்த்தல் ஆகிய யாவும் தமிழறியாத துரைமாராற் செய்ய இயலாத காரியங்கள். அவற்றைச் செய்து கொடுப்பவரே துபாஷி. இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருளாயினும், தலைமைத் துபாஷியாவார் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். அவர் வணிகர்க்கு வணிகர். தமிழ்க் குடிகளுக்குத் தலைவர். குவர்னரின் காதும் வாயும் அவரே. அவர் வாயிலிற் காத்திராமல் அவ்வூரில் ஒரு காரியமும் நடவாது எனின் மிகையாகாது.

கனகராயர் குடும்பம் பிரெஞ்சுக் கும்பினியை அடுத்து வாழ்ந்த பழைய கத்தோலிக்கக் குடும்பம். அவர் ஞானஸ்நானப் பெயர் பெத்ரோ. முதலியார் என்னும் குலப்பெயரையும், தமிழ் உடையையும், தமிழ் வழக்கங்களையும் அவர் கைவிட்டவர் அல்லர். அவர் அப்பதவியை அடைந்த வகையோ துன்பக் கதை. அதனை மறையாது கூறுதல் எம் கடன்.

1708-ஆம் ஆண்டு முதல் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் நயினியப்ப பிள்ளை. அவர் இந்து சமயத்தவர். கிறிஸ்தவ மன்னனுடைய ஊரில் இத்துணைப் பெரிய பதவி ஓர் இந்துவின் கையில் இருத்தல் ஆகாது எனச் சேசு சபைக் குருமார் வாதித்தனர். அவர் ஞானஸ்நானம் பெற வேண்டும், அன்றேல் பதவியை விடவேண்டும் என்று பிரான்சு தேசத்திலிருந்தும் நெருக்கடி வந்தது. அவர் பெறவில்லை. ஏழைக் கிறிஸ்தவர்க்கு அவர் உணவளித்துச் செபமாலைகளையும் வழங்கினார் என்பதும் அவர்மேற் கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. ஏழைக்குச் சோறிட்டது எங்ஙனம் குற்றமாயிற்று என்று அன்பர்கள் வியக்கலாம். கொடுக்கும் கை எவருடையதோ அவர்பக்கமே ஏழையின் மனமும் சாயும் என்று அஞ்சினமையாற் குற்றமாயிற்று என்க. 1716-இல் எபேர் என்னும் குவர்னர் அவரைச் சிறைப்படுத்தினார். ஐம்பது சாட்டையடியும், மூன்றாண்டுச் சிறையும், 8,888 வராகன் தண்டமும் விதிக்கப்பட்டன. 1717-இல் நயினியப்பர் சிறையிலேயே உயிர் துறந்தார்.

அவர் இருந்த இருக்கையில் அமர்ந்தவரே நம் கனகராயர். நயினியப்பரைச் சிறையிட்டவர் குவர்னரேயன்றிக் கனகராயர் அல்லர். ஆயினும், பிறர் கண்ணீர் உலராத இருக்கையில் ஏறுபவர்க்கு அதன் ஈரம் ஒட்டாமற் போகாது. நயினியப்பரின் மைந்தர் வழக்கைப் பிரான்சு வரையிற் கொண்டுசென்றனர், தீர்ப்பும் மாற்றப்பட்டது. மூத்தவராகிய குருவப்ப பிள்ளை தாமே பாரிசுக்குச் சென்று, அங்கு ஞானஸ்நானம் பெற்று, அந்நாளில் மன்னனுக்குப் பதிலாக நாடாண்ட ஓர்லெயான் கோமகனையே ஞானத்தந்தையாகக் கொண்டு, புனித மிக்கேல் வீரர் பட்டமும் தாங்கித் திரும்பினார். 1722-இல் தலைமைத் துபாஷி பதவி அவருக்கே கிடைத்தது. தந்தையார் இந்துவாய் நின்று இழந்ததனை மகனார் கிறிஸ்தவராய்ப் பெற்றார். அவர் 1724-இல் இறந்தபின் பதவி மீண்டும் கனகராயரிடம் வந்து, அவர் வாழ்நாள் முடியும் வரையில், இருபது ஆண்டிற்கு மேலாக அவரிடமே நின்றது.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்று சிந்திக்க வேண்டும். திருச்சபையின் கணக்கேட்டில் குருவப்பர் பெயர் ஒன்று கூடிற்று. தலைமைத் துபாஷியும் கிறிஸ்தவரே ஆனார். ஆனால் ஊரார் நெஞ்சில் என்ன கூடிற்று? பதவிக்கு வழி ஞானஸ்நானம் என்னும் எண்ணமன்றோ கூடிற்று! அரசின் தயவால் வரும் வெற்றி அரசின் தயவு உள்ளவரையிலேதான் நிற்கும் என்பதனைப் பின்வரும் செய்திகளாற் காண்போம்.

சாட்சி கூறுபவர்

கனகராயரைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுட் பல, ஆனந்த ரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பிலிருந்து கிடைப்பன. 1736-ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் 1761-இல் தாம் இறக்குங்காறும் அவர் எழுதி வைத்த அந்நூல் தமிழுரைநடையின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. ஆயினும், ரங்கப் பிள்ளையின் தந்தையாராகிய திருவேங்கடம் பிள்ளை நயினியப்பருக்கு மைத்துனர் என்பதை நாம் மறத்தலாகாது. மாமனார் முறையினர் ஒருவர் சிறையில் மாண்டதும், அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்ததும் இளமையிற் கண்டவர் அவர். மேலும், துபாஷி பதவியின்மேல் அவருக்கும் கண் இருந்தது. ஆதலின் கனகராயரைப் பற்றி அவர் கூறுவனவற்றைத் தராசில் இட்டே கொள்ள வேண்டும். பகைவர் கூறிய குறையிற் பாதியைத் தள்ளினும், மீதிப் பாதி நமக்குப் பாடமாகும்.

கோவிலுக்குள் ஒரு சுவர்

புதுவை மிசியோன் வீதியில் இன்று சென்மராக்கினி மாதா பேராலயம் நிற்குமிடத்தில் அந்நாளிற் சேசு சபையாரின் கோவில் இருந்தது. சான் பவுலோ என்னும் போர்த்துக்கேயப் பெயர் தமிழர் நாவிற் சம்பா கோவில் என்றாயிற்று. தமிழ்க் கிறிஸ்தவர் கூடித் தொழும் கோவில் அதுவே. அதன் உள்ளே ஒரு சுவர் இருந்தது. சுவரின் ஒரு புறம் சாதிக் கிறிஸ்தவர் எனப்பட்ட நம்மனோர். மறுபுறம் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். பலிபூசை ஒன்று, வேதம் ஒன்று, தேவன் ஒருவர், சுவரும் ஒன்று.

இச்சுவரைப் பற்றிய வழக்கு புதுவையில் மட்டும் எழுந்ததன்று. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் சாதி வழக்கங்களை எந்த அளவிற்குக் கைக்கொள்ளலாம் என்னும் வாதம் உரோமை வரையிற் சென்றது. பாப்பரசரின் தூதராக வந்த தூர்னோன் என்பார் 1704-இல் இப்புதுவையிலிருந்தே ஒரு கட்டளை வெளியிட்டார். தாழ்ந்தோர் எனப்பட்டவருள் ஒருவர் நோயுற்றிருப்பின் குருவானவர் அவர் வீட்டிற்கே சென்று தேவதிரவிய அனுமானங்களை வழங்கவேண்டும் என்பது அதில் ஒரு கூறு. இதனைக் கட்டளையிட்டுச் சொல்லவேண்டி வந்தது எனின், அதுவரையில் நடந்து வந்தது யாது என்பது விளங்கும். நாற்பது ஆண்டு நீண்ட அவ்வாதத்தை 1744-ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் ஒரு பேராணையால் முடித்து வைத்தார். அவ்வாணையும் சாதியை வேரோடு களைந்ததன்று. பல இடங்களில் அதற்கு இடமும் விட்டது.

அடுத்த ஆண்டாகிய 1745-இல், அக்டோபர்த் திங்களிற் சம்பா கோவிலில் நிகழ்ந்ததை ரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கின்றார். காரைக்காலிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் ஊக்க, ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒன்றுகூடிப் பெரிய சுவாமியாரிடம் சென்று, தாங்களும் மெய்யாகவே கிறிஸ்தவர்களாயின் நடுவிலே சுவர் ஏன் என்று முறையிட்டனர். அவர் அதனை நியாயமெனக் கண்டு சுவரை எடுப்பித்தார். எல்லாரும் கலந்து நின்று தொழலாயினர். அச்சமயத்தில் முதலியாரின் உறவினர் ஒருவருடைய மனைவியார், செல்வக் குடும்பத்துப் பெண்டிர் வழக்கப்படி மெல்லிய சல்லாவுடுத்து, நகைபூண்டு, நறுமணம் பூசிக் கோவிலுக்கு வர, குருவானவர் அவரைக் கடிந்துரைத்தார். சுவர் விழுந்த சினத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. சாதிக் கிறிஸ்தவர் கூட்டமாகத் திரண்டு குருமாரோடு வாதிட்டனர். குருமார் குவர்னரிடம் முறையிட்டனர். அப்பொழுது குவர்னராக இருந்தவர் துய்ப்ளே துரை. அவர் கனகராயரை வரவழைத்து, கிறிஸ்தவர் கூட்டங்கூடிப் பேசாதவாறு அடக்கும்படி எச்சரித்தார்.

நாட்குறிப்பின் இப்பக்கங்களிற் கனகராயரை யாம் காண்பது குவர்னருக்கும் தம் உறவினருக்கும் இடையே நின்று இருபுறமும் சமாதானம் செய்பவராகவே. சுவரின் மறுபுறத்தில் இருந்தவரோடு அவர் நிற்கக் காண்கிலோம். அவர் ஒரு சொற் சொல்லியிருந்தால் நம்மனோர் அடங்கியிருப்பர். அத்துணைச் செல்வாக்கு அவருக்கு இருந்தது. ஊரையே ஆட்டி வைத்த நாவிலிருந்து அந்த ஒரு சொல் வரவில்லை.

இச்செய்தியை யாம் வகுப்பிற் கூறியபோது, முன்னர் வினவிய அதே சிறுவன், அந்நாளில் தன் முன்னோர் சுவரின் எப்புறத்தில் நின்றிருப்பர் என்று கேட்டான். அவன் நம் குலத்தவன் அல்லன். எப்புறம் என்பதை அவனும் அறிவான், யாமும் அறிவோம். யாம் கரும்பலகையின் பக்கம் திரும்பி எதனையோ எழுதத் தொடங்கினோம். அன்று யாம் விழுங்கிய விடையே இக்கட்டுரையாயிற்று என்று அன்பர்கள் கொள்க.

மகனுக்காகக் கட்டிய கோவில்

நிற்க. கனகராயரின் வாழ்வில் இதனினும் ஆழமான பகுதி ஒன்றுண்டு. அவருக்குப் பெலவேந்திரன் என்று ஒரு மகன் இருந்தான். அவன் இளமையிலேயே இறந்துபோனான். பொன்னும் பொருளும் பதவியும் நிறைந்த வீட்டிற் பெற்றவர் இருக்கப் பிள்ளை போயிற்று. செல்வர் வீட்டுத் துயரம் வறியோர் வீட்டுத் துயரத்தினின்று வேறுபட்டதன்று என்பதை அந்நாளில் அவர் உணர்ந்திருப்பார்.

அம்மகன் நினைவாக, அவன் பெயர்கொண்ட அப்போஸ்தலருக்கே ஒழுகரையில் ஒரு கோவில் கட்டினார் கனகராயர். கும்பினி கட்டியதன்று அது. குருமார் சபை கட்டியதும் அன்று. தமிழர் ஒருவர், தம் கைப்பொருளால், தம் மகனுக்காக, நகரத்தின் கோட்டைச் சுவருக்கு வெளியே, வயலும் தோப்பும் சூழ்ந்த ஓர் ஊரில் எழுப்பியது. புதுவை வட்டாரத்தில் உள்ளூர்க் கிறிஸ்தவர் தாமே முன்நின்று கட்டிய கோவில்களுள் இது தலைசிறந்தது எனலாம்.

1745-ஆம் ஆண்டு முடிவதற்குள், சம்பா கோவிற் சச்சரவு நடந்த சில வாரங்களில், ஒழுகரையிற் பெருவிருந்து ஒன்று நடந்தது. அந்தணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், பொற்கொல்லர், நெசவாளர், வாணியர் எனப் பல சாதியாரும் அழைக்கப்பட்டனர். ஐரோப்பியரும் கிறிஸ்தவரும் அழைக்கப்பட்டனர். அவரவர் ஆசாரத்திற்கேற்ப வெவ்வேறிடங்களில் அவரவர்க்குரியோரே சமைத்தனர். ஐரோப்பியர்க்கு அவர்கள் முறைப்படி மேசை விருந்து அளிக்கப்பட்டது. துய்ப்ளே துரையும் வந்திருந்து உண்டார். அத்துணைப் பெருங்கூட்டத்திற்கு, அத்துணை வகையாக, ஒருவர் மனமும் கோணாதபடி உணவளித்தல் எளிய காரியமன்று. நம் வீட்டுத் திருமணங்களில் ஒரே பந்திக்கு இலைபோட்டு முடிப்பதற்குள் நாம் படும் பாட்டை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

ரங்கப் பிள்ளை இவ்விருந்தைப் பாராட்டி எழுதவில்லை. பெரும்பொருள் செலவாகியும் அது சோபிக்கவில்லை என்பது அவர் கருத்து. தன் மதத்துக் கோவிலுக்கு விழாச் செய்பவன் தன் மதத்து முறைப்படி செய்யவேண்டும். பிற மதத்தார் ஆசாரங்களையும் அதனோடு கலந்தால் இரண்டுங்கெட்டதாகும் என்ற முறையில் அவர் குறை கூறினார். இதில் யாம் ரங்கப் பிள்ளையோடு உடன்படுகின்றிலோம். அயலார் வீட்டுத் திருநாளில் தன் விரதம் கெடாமல் உண்டு வர ஒருவனுக்கு வழிசெய்து கொடுத்தல் இரண்டுங்கெட்ட செயலன்று, அதுவே விருந்தோம்பல். தம் மகன் நினைவு நாளில் ஊரார் எல்லாரும் தம் தோப்பில் அமர்ந்து உண்ணவேண்டும் என்று விரும்பிய தந்தையைக் குறை கூற எமக்கு வாய் எழவில்லை.

கனகராயரிடம் யாம் காணும் குறை வேறு. அவரவர் ஆசாரத்திற்கேற்ப அத்தனை அடுப்பு மூட்ட வழி கண்டவர், ஒரே தேவனைத் தொழும் இரு கூட்டத்தார் ஒரே கூடத்தில் நிற்பதற்கு வழி காணவில்லை. அயலாரை மதிப்பது அவருக்கு எளிதாக இருந்தது. தம்மவருட் கடையர் எனப்பட்டாரை மதிப்பது அரிதாக இருந்தது. இது கனகராயர் ஒருவருடைய குறையன்று. நம் குலத்தின் குறை. சைவராயினும் கத்தோலிக்கராயினும் நம் எல்லாரிடத்தும் உள்ள குறை.

எஞ்சியது எது

அவ்விருந்து நடந்து சில திங்களில், 1746-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் கனகராயர் காலமானார். அவர் உடல் அடக்கமானதும் அவர் தேடிய பொருளைப் பற்றி வழக்கு எழுந்தது. மகன் முன்பே இறந்தமையால், மனைவியார் ஒருபுறமும் தம்பியார் ஒருபுறமும் உரிமை கோரினர். கிறிஸ்தவக் குடும்பத்து வழக்காயினும், தமிழர் வழக்கப்படி சாதித் தலைவர்களைக் கொண்டே அது விசாரிக்கப்பட்டது. சொத்து தம்பியாருக்கும், பெண்டிர்க்குச் சீவனாம்சமும் என்று முடிந்தது. துபாஷி பதவியோ பின்னர் ஆனந்த ரங்கப் பிள்ளையிடம் சென்றது. இருபதாண்டிற்கு மேல் ஊரை ஆண்ட செல்வாக்கு இரண்டாண்டிற்குள் இருந்த இடந்தெரியாமற் போயிற்று.

அரசின் தயவை நம்பிய கோவிலின் கதையையும் கேளுங்கள். சம்பா கோவிலை அடுத்து வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. அதனை அகற்றவேண்டும் என்பது சேசு சபையாரின் நெடுநாள் விருப்பம். 1748-இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்ட காலத்தில், செப்டெம்பர்த் திங்களில், துய்ப்ளேயின் ஆணையால் அவ்வாலயம் இடித்துத் தள்ளப்பட்டது. ஊரார் மனம் புண்பட்டதை ரங்கப் பிள்ளை வருந்தி எழுதியிருக்கின்றார். அண்டையில் இருந்த ஆலயம் விழுந்தமையாற் சம்பா கோவில் உயர்ந்ததா? பதின்மூன்று ஆண்டு கூடக் கழியவில்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து நகரத்தைத் தரைமட்டமாக்கினர். சம்பா கோவிலும் அதில் அழிந்தது. குவர்னரின் கோட்டையும் கோவிலும் ஒரே கதியை அடைந்தன. 1773-இற் சேசு சபையே பாப்பரசரால் கலைக்கப்பட்டது. இன்றுள்ள பேராலயம் மெல்ல மெல்ல எழுந்து 1791-இல் அபிஷேகம் பெற்றது.

அக்காலத்துப் பெருமைகளெல்லாம் இவ்வாறு போக, மகனை இழந்த தந்தை ஒருவர் வயல்நடுவே கட்டிய ஒழுகரைக் கோவிலோ இன்றும் ஊர்மக்கள் வந்து தொழும் பங்குக் கோவிலாக வாழ்கின்றது. குவர்னரின் துணையால் எழுந்தவை வீழ்ந்ததும், துயரத்திலிருந்து எழுந்தது நிலைத்ததும் தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பின்வந்த காலத்திற் புதுவைத் திருச்சபை உறுதிபெற்ற வகையையும் சுருங்கக் கூறுவோம். 1844-ஆம் ஆண்டிற் பொன்னாந்து ஆண்டகை புதுவையிற் குருமார் மாநாடு ஒன்றைக் கூட்டினார். உள்நாட்டாரையே குருமாராகப் பயிற்றவேண்டும், பள்ளிகளைப் பெருக்கவேண்டும் என்பன அதன் தலையாய முடிபுகள். அதே ஆண்டில் துப்புயி சுவாமியார், தமிழ்ப் பெண்களையே கொண்டு, பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிப்பதற்காகவே மரியாயின் மாசற்ற இருதய கன்னியர் சபையைத் தொடங்கினார். குலப்பெண்கள் எழுத்துக் கற்றல் ஆகாது என்று நம் வீடுகளிற் கூறப்பட்ட காலம் அது. அப்பொழுது மூட்டிய விளக்கினால் நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை பாட்டிமார் படித்தனர் என்பதை அவரவர் வீட்டிற் கேட்டறிக. 1955-இல் அம்புரோஸ் ஆண்டகை புதுவை–கடலூர் மறைமாநிலத்தின் பேராயராகித் தமிழரே அவ்விருக்கையில் அமர்ந்தார். வெளியூரார் ஊன்றிய மரம் இம்மண்ணின் நீரை உண்டு இம்மண்ணின் விதையை ஈன்றது. ஓர் ஊர்த் திருச்சபை தன் காலில் நிற்றல் என்பது இதுவே.

சுவர் மட்டும் எளிதில் விழவில்லை. 1745-இல் ஒருமுறை எடுக்கப்பட்ட சுவர் வேறு வேறு உருவங்களிற் பல ஊர்களிலும் தொடர்ந்து வந்தது. நெல்லை நாட்டு வடக்கன்குளத்திற் கோவிலை இரு பிரிவாகப் பிரித்த சுவரை 1910-இற் குருவானவர் இடித்தபொழுது, வேளாளக் கிறிஸ்தவர் தம் உரிமை போயிற்று என்று வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே, கனகராயர் காலத்துச் செய்தி பழங்கதை என்று நாம் தள்ளிவிட இயலாது. கல்லாலான சுவர் விழுந்தபின்னும் தனிக் கல்லறைத் தோட்டமாக, தனித் தேர் உலாவாக, திருமணப் பந்தியின் கடைசி வரிசையாக அது நிற்கக் காண்கின்றோம்.

சிறுவனுக்கு விடை

இனிச் சிறுவன் கேட்ட வினாவிற்கு வருவோம். கட்டடத்தின் உயரமே அளவாயின், 1761-இல் தரைமட்டமான சம்பா கோவில் அன்றே தோற்றுவிட்டது. பதவியிலிருப்போர் தயவே அளவாயின், கனகராயர் கண்மூடிய அன்றே அவர் காலத்துத் திருச்சபை தோற்றுவிட்டது. ஞானஸ்நானக் கணக்கே அளவாயின், பதவிக்காகப் பெற்றதையும் பக்திக்காகப் பெற்றதையும் பிரித்தறிய அக்கணக்கேட்டால் முடியாது.

ஓர் ஊர்க் கோவில் மெய்யாகச் செழித்தது என்பதற்கு இரண்டு அடையாளங்களை இச்சரித்திரத்திலிருந்து யாம் கண்டோம். ஒன்று, அக்கோவிலைச் சேராத அயலார் அதன் திருநாளில் மனமுவந்து வந்து போதல். ஒழுகரை விருந்தில் இது இருந்தது. வேதபுரீசுவரர் ஆலயம் இடிந்தபோது இது போயிற்று. மற்றொன்று, அக்கோவிலைச் சேர்ந்தவருள் கடைசியில் நிற்பவர் தாம் கடைசியில் நிற்கின்றோம் என்னும் நினைவின்றி நிற்றல். இது கனகராயர் காலத்திற் சில நாள் தோன்றிச் சச்சரவில் முடிந்தது. முதலாவது இருந்தாற் கோவிலுக்கு ஊரில் நல்ல பெயர் வரும். இரண்டாவது இல்லாவிடில் அந்நல்ல பெயர் வாயிலோடு நின்றுவிடும். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் ஊருணியை உவமையாக வைத்தார். ஊருணி நிறைந்திருத்தல் மட்டும் போதாது. எல்லாருடைய குடமும் அதில் இறங்கவேண்டும்.

இவ்விடை கிறிஸ்தவர் கோவிலுக்கு மட்டும் உரியதன்று. எந்தக் கோவிலுக்கும், எந்தச் சங்கத்திற்கும் உரியது. சாதிச் சங்கத்தின் சஞ்சிகையில் இதனை எழுதுதல் பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே எம் துணிபு. நம் குலத்தார் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளக் கூடிய கூட்டம் இது. பிறரைத் தள்ளிவைக்கக் கூடியதன்று. நம் சங்கத்துப் படிப்பகத்திற்கு இன்று நம் பிள்ளைகள் மட்டுமே வருகின்றனர். பள்ளி விட்டபின் மாலையில் அதன் கதவை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாவர்க்கும், குலம் வினவாது, திறந்துவிடவேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் யாம் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கின்றோம். அன்பர்கள் அதனை ஆதரிக்கவேண்டுகின்றோம். எதிர்ப்பவர் இருப்பின், அவர்கள் கனகராயர் சரித்திரத்தை இன்னொருமுறை வாசித்துவிட்டு வருமாறு வேண்டுகின்றோம்.

கனகராய முதலியார் பெரியவர். மகனுக்காக அவர் அழுத கண்ணீர் ஒரு கோவிலாயிற்று. அக்கோவிலில் இன்று யார் பிள்ளைக்காக யார் அழுதாலும் இடமுண்டு. அவர் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லைச் சொல்லி முடித்தல் அவர் குலத்தில் வந்த நம் கடன். அச்சிறுவன் இச்சஞ்சிகையை வாசிப்பான் என்னும் நம்பிக்கை எமக்கு இல்லை. ஆதலின், பள்ளி திறந்ததும் முதல் வேலையாக, அன்று கரும்பலகையின் பக்கம் திரும்பியதற்கு அவனிடம் வருத்தம் தெரிவித்து, இவ்விடையை நேரிற் கூற இருக்கின்றோம்.